காற்று நன்றாக அடிக்கும்போது காற்றாலையை ஏன் நிறுத்துகிறார்கள்? அப்புறம் கணிப்பு மென்பொருள் எதற்கு?

#1 நெல்லைச்சீமை

எலக்ட்ரிகல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு டிஜிட்டல் தொழில்நுட்பமும் பசுமை மின்சாரமும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தேடினால் எல்லாக் கட்டுரையும் ஒரே அச்சு: செயற்கை நுண்ணறிவு வரும், சென்சார் வரும், கார்பன் குறையும், சுபம்.

ஆனால் எங்கள் பக்கம் ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிற நேரத்திலும் வரிசையாகச் சில காற்றாலைகள் சும்மா நிற்கின்றன. கேட்டால் "மேலே இருந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்" என்கிறார்கள். நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்று கணினி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்றால் இது ஏன் நடக்கிறது? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 தொண்ணூற்றாறு

என் பிழைப்பே இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். காற்றாலைகளின் உற்பத்தியைக் கணித்து மாநில மின்சுமை மையத்துக்கு (எந்த நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் இடம்) அட்டவணை அனுப்பும் குழுவில் வேலை. ஒரு நாளைப் பதினைந்து நிமிடமாக வெட்டினால் 96 பிளாக். ஒவ்வொரு பிளாக்கிலும் எத்தனை மெகாவாட் வரும் என்று முந்தைய நாளே சொல்ல வேண்டும். அன்றைக்கும் திருத்தலாம். சொன்னதற்கும் வந்ததற்கும் இடைவெளி கூடினால் காசு கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான விதியை ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் கொண்டுவந்தது.

கணிப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. வானிலை மாதிரிகள் தரும் காற்று வேகத்தை எடுத்துக்கொள்வோம். இதே மாதிரிக் காற்றுக்கு அந்தத் துணைமின் நிலையத்தில் முன்பு எவ்வளவு உற்பத்தி வந்தது என்று பார்த்துத் திருத்துவோம். கடைசிச் சில மணி நேரத்துக்கு ஸ்காடாவில் (இயந்திரங்களைத் தொலைவில் இருந்து பார்க்கும் கணினி அமைப்பு) வந்துகொண்டிருக்கும் எண்ணை நம்புவோம். இந்தத் திருத்தும் வேலையைத்தான் இப்போது இயந்திரக் கற்றல் நன்றாகச் செய்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் தமிழ்நாட்டுக்குக் கணிப்பு தருகிறது. 2020 பிப்ரவரியில் நாட்டில் 11 புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேலாண்மை மையங்கள் செயல்பாட்டுக்கு வந்தன, நம் மாநிலத்துக்கும் ஒன்று உண்டு. மின்சுமை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் காற்றையும் வெயிலையும் ஒரே திரையில் பார்க்கலாம்.

கஷ்டம் எங்கே என்றால், காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். வேகத்தைக் கணிப்பதில் 10 சதவீதம் தப்பினால் ஆற்றலில் 33 சதவீதம் வரை தப்பும். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் இருக்கும் இடைவெளிகள் வழியாகத்தான் நம் பக்கம் பாய்கிறது: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. ஒரு கணவாயில் காற்று விழுந்து இன்னொன்றில் ஏறும். சீசனில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டும் காற்று மின்சாரம், சீசன் முடிந்ததும் ஒரு கோடி யூனிட்கூடத் தேறாத நாட்களையும் காட்டும்.

இனி உங்கள் கேள்வி. கணிப்பு துல்லியமாகவே இருந்தாலும் காற்றாலை நிற்கலாம். ஜூலை மாத நள்ளிரவு, காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, ஊர் தூங்குகிறது. அனல் நிலையத்தை விளக்கு மாதிரி அணைத்து ஏற்ற முடியாது. அணைத்துவிட்டால் மறுநாள் மாலைத் தேவைக்குத் திரும்பக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். ஓடிக்கொண்டே இருந்தாலும் ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதி முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறக்கச் சொல்கிறது, போகப்போக 40-க்கு வர வேண்டும். அதற்கும் மேல் மின்சாரம் மிஞ்சினால் காற்றாலையைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

கணிப்பு உதவும் இடம் அதற்கு முந்தைய நாள். நாளை இரவு காற்று உறுதி என்று தெரிந்தால் ஒரு 210 மெகாவாட் அனல் யூனிட்டை ஏற்றாமலே விடலாம். தெரியாவிட்டால் "எதற்கும் இருக்கட்டும்" என்று அதை எரித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த "எதற்கும் இருக்கட்டும்" நிலக்கரியைக் குறைப்பதுதான் என் வேலையால் வரும் பசுமை. கட்டுரைகளில் வருகிற அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் நிஜம்.

#3 மில்கணக்கு

விளக்கம் நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின்கணக்கு பார்க்கிறேன். சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில். எங்கள் பார்வையில் "பேக்டவுன்", அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது, என்பதற்கு எப்போதும் தொழில்நுட்பக் காரணம் மட்டுமே இருந்ததில்லை.

சூரிய மின்நிலையங்கள் தொடர்ந்த வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2-இல் சொன்னதைப் படியுங்கள், செமினாருக்கு உதவும். அது தமிழ்நாடு மின்சுமை மையம் சம்பந்தப்பட்ட வழக்குத்தான். கிரிட் (மின்கட்டமைப்பு) பாதுகாப்புக்காகக் குறைத்தால் சரி, விலை மலிவான வேறு மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காகக் குறைத்தால் அது தவறு, இழப்பீடு கொடு என்று தீர்ப்பு. காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிற பேச்சே அதற்கப்புறம்தான் வலுத்தது.

என்னைக் கேட்டால் டிஜிட்டலால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் கணிப்பு இல்லைங்க, பதிவு. எந்தப் பிளாக்கில் காற்று இருந்தது, இயந்திரம் தயாராக இருந்தது, எத்தனை மணிக்கு ஃபீடர் (காற்றாலை வரிசையைத் துணைமின் நிலையத்தோடு இணைக்கும் பாதை) திறக்கப்பட்டது, அதாவது துண்டிக்கப்பட்டது, அப்போது அதிர்வெண் எவ்வளவு என்று எல்லாம் நேரமுத்திரையோடு கிடக்கிறது. முன்பெல்லாம் எங்கள் ஆள் சொல்வது ஒன்று, அவர்கள் லாக் புத்தகம் சொல்வது ஒன்று. இப்போது வாதாட எண் இருக்கிறது.

#4 பழைய கன்ட்ரோல்ரூம்

மில்கணக்கு ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். மின்சுமை மையத்தில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன்.

தம்பி, உன் செமினாரில் முதல் ஸ்லைடு மென்பொருளாக இருக்கக் கூடாது, கம்பியாக இருக்க வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதே, அப்போது தென் மாநிலங்கள் தப்பின. காரணம் நம் சாமர்த்தியம் இல்லை. தெற்கு கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே கிரிட். அதற்கு முன்பு சீசனில் மிஞ்சும் காற்று மின்சாரத்தை வடக்கே தள்ள வழி மிகக் குறைவு. கணிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்ன பயன்? வெள்ளம் வரும் என்று தெரிகிறது, வாய்க்கால் இல்லை.

இப்போது புகளூருக்குச் சத்தீஸ்கரில் இருக்கும் ராய்கரில் இருந்து 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை இருக்கிறது. 6000 மெகாவாட் கொண்டுவரலாம், காற்று மிஞ்சினால் திருப்பியும் அனுப்பலாம். புகளூரில் இருந்து திருச்சூருக்கு 2000 மெகாவாட் பாதை இன்னொன்று, 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் மின்சாரம் எந்தப் பக்கம், எவ்வளவு போக வேண்டும் என்பதை மின்னணுக் கருவிகளே தீர்மானிக்கின்றன. டிஜிட்டல் என்றால் எனக்கு அதுதான் டிஜிட்டல். கைபேசிச் செயலி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் உன் கேள்விக்கு நேரான பதில். 200 மெகாவாட் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? நவீன இயந்திரம் என்றால் "60 சதவீதத்துக்கு இறங்கு" என்று ஒரு கட்டளை அனுப்பலாம், இறக்கைக் கோணத்தைத் திருப்பி அது இறங்கிவிடும். தொண்ணூறுகளில் வைத்த 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பலவற்றில் இறக்கை அசையாது, கட்டளை வாங்கக் காதும் கிடையாது. துணைமின் நிலையத்தில் ஃபீடர் பிரேக்கரைத் திறப்பதுதான் வழி. திறந்தால் அந்த வரிசையில் இருக்கும் எல்லாமே நிற்கும். நீ பார்த்தது அதுவாகவும் இருக்கலாம்.

#5 நெல்லைச்சீமை

ஐயா, இது எந்தக் கட்டுரையிலும் இல்லை. அப்படியானால் பழைய இயந்திரங்களில் ஒரு கருவி பொருத்திக் கட்டளை வாங்க வைக்க முடியாதா?

#6 கயத்தாறு_டெக்னீஷியன்

முடியும், முடியாது இரண்டும். நான் மேலே ஏறுகிறவன், எங்கள் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

இறக்கை அசையாத பழைய ஸ்டால் வகை இயந்திரத்துக்கு ஒரு மோடமும் தொலைவில் இருந்து நிறுத்தி ஓட்டும் ரிலேயும் போடலாம், பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். அப்போது ஃபீடரை மொத்தமாகத் திறக்காமல் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். ஆனால் பாதி அளவில் ஓடு என்று சொல்ல முடியாது, ஓடும் அல்லது நிற்கும். அதோடு இந்த இயந்திரங்கள் கிரிட்டில் இருந்து ரியாக்டிவ் மின்சாரத்தை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்வருவது) வேறு இழுக்கும், கெப்பாசிட்டர் கெட்டுப்போனால் அதற்குத் தனி பில்.

இந்தியாவின் முதல் காற்றுப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் வந்தது. அப்புறம் தொண்ணூறுகளில் வருமான வரியில் நூறு சதவீதத் தேய்மானச் சலுகை இருந்தபோது ஆளாளுக்கு வாங்கி நட்டார்கள். மின்சாரத்துக்காக நட்டவர்களும் உண்டு, மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க நட்டவர்களும் உண்டு. விளைவு, நாட்டிலேயே நல்ல காற்று அடிக்கும் முப்பந்தல் மாதிரி இடத்தில் சின்ன இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. 2024-இல் மாநில அரசு பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் பக்கத்துப் பக்கத்து இடம் வேறு வேறு ஆளுடையது. பெரிய இயந்திரம் ஒன்றுக்குச் சுற்றிலும் நிறைய இடைவெளி வேண்டும், நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு எந்த மென்பொருளும் இல்லை.

சென்சார் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா. புது இயந்திரத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு, பேரிங் அதிர்வு, ஜெனரேட்டர் சுருள் சூடு என்று நூற்றுக்கணக்கில் எண் வருகிறது. அதிர்வு வடிவம் மாறுவதைப் பார்த்து, பேரிங் உடைவதற்கு வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடலாம். இதன் மதிப்பு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கியர்பாக்ஸ் ஜூலையில் போனால் காற்று நிற்காமல் கிரேனை மேலே கொண்டுபோக முடியாது, நாளுக்கு நாள் நஷ்டம். ஜனவரியிலேயே தெரிந்தால் சாவகாசமாக மாற்றலாம். மே முதல் செப்டம்பர் வரைதான் எங்களுக்கு அறுவடை, அந்த நாளில் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் நிலக்கரி மிச்சம்.

அதே சமயம் பொய் எச்சரிக்கையும் நிறைய. ஒரு நிறுவனத்தின் டாஷ்போர்டு அடித்த அலாரத்துக்கெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தோம், கடைசியில் சென்சார் ஒயர் தளர்ந்திருந்தது. காதால் கேட்டுச் சொல்கிற பழைய மெக்கானிக் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள், அதுதான் கவலை.

#7 யாழ்வெளிச்சம்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்குப் பேக்டவுன் செய்ய ஒரு பிரேக்கராவது இருக்கிறது தானே, எங்கள் கதையைக் கேளுங்கோ.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகம் முழுக்கச் சிரித்தார்கள். சிரிப்பில் உண்மைக் காரணம் மறைந்துபோய்விட்டது. ஞாயிறு, கந்தோர்களும் தொழிற்சாலைகளும் பூட்டு, தேவை குறைவு. நல்ல வெயில். கூரைச் சோலார் முழு வேகத்தில். சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக இருந்தபடியால் ஒரு சின்ன அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவம் (சுழலும் எடை சட்டென்று வேகம் மாறாத தன்மை) கட்டமைப்பில் இல்லை. மின்சார சபையே பிறகு இதைத்தான் விளக்கியது.

இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. திரும்பவும் அதே நிலை வரக்கூடாதென்று, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நீங்களாகவே நிறுத்தி வையுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சபை வேண்டுகோள் விடுத்தது. யோசித்துப் பாருங்கோ. ஆயிரக்கணக்கான கூரைகள், ஒவ்வொன்றிலும் இன்வேர்ட்டர் என்கிற ஒரு கணினி இருக்கிறது, அவற்றோடு பேச வழியில்லை. அறிக்கை விட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

மன்னார் தம்பபவனி காற்றாலை 100 மெகாவாட்டுக்கு மேல், புதியது, அதைக் கொழும்பில் இருந்து கட்டுப்படுத்தலாம். எங்கள் வீட்டுக் கூரையைக் கட்டுப்படுத்த முடியாது. ஆக எவ்வளவு சோலார் இருக்கிறது என்பதைவிட, அது சொல் கேட்குமா என்பதுதான் இனிப் பிரச்சினை.

#8 பழைய கன்ட்ரோல்ரூம்

யாழ்வெளிச்சம், இதைத்தான் நான் ஃபீடர் கதையில் சொல்ல வந்தேன். எங்கள் பக்கமும் கூரை சோலார் ஏறுகிறது. பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். போடுவதை வேகப்படுத்தியாயிற்று, அவற்றைப் பார்ப்பதற்கு மின்சுமை மையத்தில் ஜன்னல் இல்லை. அங்கே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் பகல் தேவை ஏனோ குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

#9 மாடிவீடு

எல்லாரும் பெரிய இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு டிஜிட்டல் என்றால் ஸ்மார்ட் மீட்டர். நாட்டில் 25 கோடி மீட்டர் மாற்றப்போகிறார்களாம், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 3 கோடி. இதில் சுற்றுச்சூழல் எங்கே இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இப்போது கிடைக்கிறது. மீட்டரை மாற்றி, நேரத்துக்கு ஒரு விலை போட்டு, மாலையில் கிரைண்டர் போட்டால் கூடுதல் பில் வரும் என்றால் அது எனக்குப் பசுமையாகத் தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு வேலையில் இருந்து வந்து சமைப்பவள் வேறு எப்போது சமைப்பாள்?

#10 தொண்ணூற்றாறு

மேடம், நியாயமான கேள்வி. ஸ்மார்ட் மீட்டர் தானாக ஒரு யூனிட்டையும் மிச்சப்படுத்தாது. அது பதினைந்து நிமிடம், அரை மணி என்று பிரித்து எண்ணும், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து என்ன விலை போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மத்திய அரசு 2023-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிப்படி, வெயில் நேர விலை சாதாரண விலையைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் தொழில், வணிகத்துக்குக் குறைந்தது 1.2 மடங்கு, மற்றவர்களுக்கு 1.1 மடங்கு. விவசாயத்துக்கு விலக்கு. சூரிய மின்சாரம் பகலில் மிஞ்சுகிறது, மாலை ஆறரைக்கு அடியோடு போய்விடுகிறது, அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் நிலக்கரியை நாள் முழுக்கக் கொதிநிலையில் வைத்திருக்கிறோம். கொஞ்சம் தேவையை மதியத்துக்கு நகர்த்தினாலும் பலன் உண்டு.

ஆனால் யாருடைய தேவையை? என் கருத்து, உங்கள் கிரைண்டரை இல்லை. மதியம் ஓடவேண்டியவை தண்ணீர்த் தொட்டி மோட்டார்கள், குளிர்பதனக் கிடங்குகள், மின்சார வண்டி சார்ஜர்கள், மாநகராட்சி குடிநீர் பம்புகள். இவை எப்போது ஓடினாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

#11 மில்கணக்கு

மேடம் பயப்படுவது எங்களுக்குப் புதிதில்லைங்க. உயரழுத்த இணைப்புக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் தமிழ்நாட்டில் ரொம்ப வருடமாக இருக்கிறது, 25 சதவீதம். இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. இந்த அமைப்பு சோலார் இல்லாத காலத்தில் வகுத்தது. இப்போது மலிவாகக் கிடப்பது பகல் மின்சாரம். பகலுக்கு நல்ல தள்ளுபடி கொடுத்தால் எத்தனையோ மில் ஷிஃப்டை மாற்றும். நூற்பாலையில் ரிங்ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) 24 மணி நேரமும் ஓடும், அதை நகர்த்த முடியாது. ஈரப்பத ஆலை, கம்ப்ரெசர், சாயப்பட்டறை என்றால் கழிவுநீர் ஆவியாக்கி, இவற்றை நகர்த்தலாம். எங்களிடம் எண் எல்லாம் இருக்கிறது. விலைதான் இல்லை.

பேங்கிங்கும் அப்படித்தான். பழைய காற்றாலைக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை யூனிட்டைச் சேர்த்துவைத்து எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஜூலை நள்ளிரவு யூனிட்டும் பிப்ரவரி மாலை யூனிட்டும் ஒரே மதிப்பு என்று கணக்கு எழுதுகிற வரைக்கும், பேட்டரி வைக்கவோ நேரம் பார்த்து ஓட்டவோ யாருக்குத் தோன்றும்? இதை மில்காரர்கள் கூட்டத்தில் சொன்னால் என்னை உதைப்பார்கள்.

#12 பூட்டுசாவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். எல்லாவற்றையும் சொல் கேட்கிற மாதிரி ஆக்குங்கள் என்கிறீர்கள். யார் சொன்னாலும் கேட்கும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

2015 டிசம்பர் 23, உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து பிரேக்கர்களைத் திறந்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. மீண்டது எப்படி? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் மூடினார்கள். 2022 பிப்ரவரி 24-இல் வியாசாட் செயற்கைக்கோள் இணைப்பைத் தாக்கியபோது ஜெர்மனியில் 5,800 எனர்கான் காற்றாலைகளின் தொலைத்தொடர்பு அறுந்தது. அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன, தொலைவில் இருந்து பார்க்கவோ கட்டளையிடவோ முடியவில்லை. நம் ஊரிலேயே 2019-இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் இருந்ததை அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதைத் தொடவில்லை.

வீட்டு இன்வெர்ட்டர் லட்சக்கணக்கில் வரும்போது எத்தனை பேர் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

#13 கயத்தாறு_டெக்னீஷியன்

எங்கள் சைட்டில் ஒருவரும் மாற்றியிருக்க மாட்டார்கள். கன்ட்ரோலர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதியிருக்கும்.

#14 சிறுசேரிவாசி

இன்னொரு பக்கமும் சொல்லுங்கள். இந்தச் செயற்கை நுண்ணறிவு ஓடுவதற்கே மின்சாரம் வேண்டும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2024-இல் உலகத் தரவு மையங்கள் 415 டெராவாட் மணி தின்றன, உலக நுகர்வில் ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இது 945 ஆகலாம் என்கிறார்கள். எங்கள் சாலையில் ஒவ்வொரு வருடமும் ஜன்னல் இல்லாத கட்டடம் ஒன்று முளைக்கிறது.

#15 தொண்ணூற்றாறு

சிறுசேரிவாசி, உண்மைதான், ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். காற்றுக் கணிப்பு மாதிரி ஓடுகிற என் கணினி சாதாரண சர்வர். படம் வரைந்து தருகிற செயலிகள் தின்பது வேறு கணக்கு. கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கட்டடங்கள் எந்த நேரத்தில் எந்த மின்சாரத்தை எடுக்கின்றன என்பது. வருடக் கணக்கில் ஈடுகட்டிவிட்டோம் என்று சொல்வது மில்கணக்கு சொன்ன பேங்கிங் கதைதான்.

பூட்டுசாவிக்கு ஒரு துணைக்கதை. தாக்குதல் இல்லாமலே ஒரு மென்பொருள் அமைப்பு ஒரு மாநிலத்தை இருட்டாக்கிய கதை இருக்கிறது. 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. புயலில் கோபுரங்கள் சாய்ந்தன, இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து மீண்டது. காற்றாலைகள் ஒவ்வொரு சரிவையும் தாங்கின. ஆனால் பல இயந்திரங்களின் உள்ளே, குறுகிய நேரத்தில் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறை என்று ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. அது கிரிட்டை நடத்துபவர்களுக்குத் தெரியாது. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது, பக்கத்து மாநிலத்தில் இருந்து வரும் பாதை சுமை தாங்காமல் அறுந்தது, சுமார் எட்டரை லட்சம் வாடிக்கையாளர்கள் இருட்டில். காற்றாலையால்தான் வந்தது என்று அரசியல் சண்டை ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் அந்த எண்ணை மாற்றினார்கள். இயந்திரம் அதேதான்.

அடுத்த வருடமே அங்கே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. 2017 டிசம்பர் 14-இல் ஆயிரம் கிலோமீட்டர் அளவு தள்ளி விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி யூனிட் ஒன்று 560 மெகாவாட்டோடு விழுந்தது. யாரும் போன் எடுப்பதற்கு முன்பே பேட்டரி மின்சாரத்தை உள்ளே தள்ளியது. யாழ்வெளிச்சம் சொன்ன சடத்துவக் குறைவுக்கு ஒரு பதில் இந்த மாதிரி வேகம்.

#16 யாழ்வெளிச்சம்

பேட்டரி வேண்டும் என்று இங்கேயும் எல்லாரும் கதைக்கிறார்கள். காசு யார் போடுவது என்பதில்தான் நிற்கிறது.

#17 பழைய கன்ட்ரோல்ரூம்

பேட்டரி என்றதும் லித்தியத்தை மட்டும் நினைக்காதீர்கள். ஆழியாறு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளில் இருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சினால் தண்ணீரை மேலே ஏற்று, மாலையில் இறக்கி எடு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதோடு தொண்ணூற்றாறு சாரின் கணிப்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தம்பி செமினாரில் சொல்லலாம். இன்றிரவு காற்று எத்தனை மணிக்கு ஏறும் என்று தெரிந்தால்தானே மேல் அணையில் அதற்கு முன்பே இடம் காலி பண்ணி வைக்க முடியும்.

#18 நெல்லைச்சீமை

எல்லாருக்கும் நன்றி. தலைப்பையே மாற்றிவிட்டேன்: "சொல் கேட்கும் மின்சாரம்". பழைய காற்றாலை, கூரை இன்வெர்ட்டர், மீட்டர் விலை, மூன்றையும் இதற்குள் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு உதவி. காற்று உற்பத்தி எண் தினமும் எங்கே கிடைக்கும்? ஒரு சீசனை வரைபடமாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

#19 தொண்ணூற்றாறு

கிரிட் இந்தியா தளத்தில் தினசரி அறிக்கை வருகிறது, மாநில வாரியாகக் காற்று, சூரியன் தனித்தனியாக இருக்கும். பெங்களூரில் இருக்கும் தென்மண்டல மின்சுமை மையத்தின் அறிக்கையில் இன்னும் விவரமாக இருக்கும். பழைய தேதிகளையும் எடுக்கலாம். ஒவ்வொரு கோப்பாக இறக்காமல் சின்ன நிரல் எழுதி இறக்குங்கள், இல்லாவிட்டால் விரல் தேய்ந்துவிடும்.

#20 பழைய கன்ட்ரோல்ரூம்

அதே அறிக்கையில் அதிர்வெண் எத்தனை சதவீத நேரம் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருந்தது என்று ஒரு வரி இருக்கும். காற்று வரைபடத்துக்குக் கீழேயே அதையும் போடு. ஜூலையையும் நவம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுது, பேசலாம்.

#21 மட்டுறுத்துநர்

ஸ்மார்ட் மீட்டர் பற்றி இன்னும் பலர் எழுத வருவது தெரிகிறது. #9, #10, #11 மூன்றையும் நகலெடுத்து "மின்கட்டணம்" பகுதியில் தனி இழை தொடங்கியிருக்கிறேன், மீட்டர் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழை திறந்தே இருக்கும்.